முதல் சிப்பி

அந்த வருஷம் வெயிலுக்குப் போக்கிடம் இல்லை போலிருக்கிறது. முகத்துவாரத்துக்கு வந்தது வந்ததுதான், எழுந்து போகிற வழியைக் காணோம். குளிர் மாதம் பிறந்து, முக்குக் கடைக்காரன் கம்பளிக் குல்லாய்களை எடுத்து வாசலில் தொங்கவிட்டும் ஆயிற்று. வாங்கத்தான் ஆளில்லை. அவனே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறு கடலோடு சேருகிற இடம் அது. அகலம் உண்டு, ஆழம் கிடையாது. தண்ணீர்மேல் பீப்பாய்களைப் போட்டு, அதன்மேல் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வீட்டுக்கு ஒன்றிரண்டு மிதவைகள் வைத்திருந்தார்கள். மிதவைக்கு அடியில் கயிறுகள், கயிற்றில் வலைக்கூடைகள், கூடைக்குள் சிப்பி. விதைச் சிப்பி நகம் அளவுக்கு வரும். உள்ளங்கை அளவுக்கு வளர்த்து அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் கூடையைத் தூக்கு, பாசியைச் சுரண்டு, நண்டைப் பொறுக்கு, மறுபடி இறக்கு என்று உயிரை வாங்கும். கரையில் இருந்த அத்தனை வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்தக் கயிற்றினால்தான்.

சரக்கு எடுக்க அவர்களுக்கென்று ஒரு சோதனை உண்டு. விடியலில் ஒருவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நிற்பார். குளிர் எலும்பில் குத்தி, பல் கிட்டித்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தாரென்றால் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வருஷம் பெரியவன் இறங்கி நின்றான். நின்று ஒரு சிகரெட்டை முழுக்க ஊதி முடித்தான். பிறகு சாவகாசமாகக் கரையேறி வந்து, "குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பதமா இருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவனும் சின்னவனும் அண்ணன் தம்பிகள். பெற்றவள் கூப்பிட்டதையே ஊரும் பிடித்துக்கொண்டது. மிதவை இரண்டு பேருக்கும் பொது. சின்னவன் பெண்டாட்டிக்கு வாயாடி என்று பேர். அதுவும் சும்மா வந்த பேரில்லை, உழைத்துச் சம்பாதித்தது. சிப்பி உடைக்கும் கொட்டகையில் கத்தி போகிற வேகத்துக்கு அவள் வாயும் போகும். சிப்பியின் பின்புறத்து மூட்டில் கத்தி முனையை வைத்து ஒரு திருகு, வாய் பிளந்ததும் உள்ளே ஒரு வழிப்பு, சதை தனியே கிண்ணத்தில் விழும். அதற்குள் அவள் ஒரு ஆளைத் தூக்கி ஒரு ஆளைக் கவிழ்த்திருப்பாள். அவள் வராத நாளில் கொட்டகையில் பொழுது நகராது என்று மற்றப் பெண்களே சொல்வார்கள்.

மலைப்பக்கம் பருவம் தப்பி மழை கொட்டியதில் ஆறு செம்மண் நிறத்தில் வந்து முகத்துவாரத்தில் இறங்கியது. தண்ணீரை வாயில் வைத்தால் உப்பே உறைக்கவில்லை. அந்த வாரத்தில்தான் மீன்வள ஆபீஸ்காரர் கொட்டகைக்கு வந்தார். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, கயிற்றில் கட்டிய வெப்பமானி. வெயிலில் நின்று நின்று கழுத்தெல்லாம் சிவந்து போயிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கத்தியைக் கீழே வெச்சிட்டுக் கேளுங்க" என்றார். "தண்ணி சூடா இருக்கு. உப்பும் குறைஞ்சிருக்கு. இந்த மாதிரித் தண்ணியில ஒரு கிருமி மளமளன்னு பெருகும். சிப்பி தண்ணியை உறிஞ்சி வடிகட்டித்தானே சாப்பிடுது, கிருமியும் அதுக்குள்ளயே தங்கிடும். சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. நாறாது, நிறம் மாறாது, ருசியும் மாறாது. நல்லா வேகவெச்சா கிருமி செத்துடும். பச்சையா மட்டும் யாரும் தின்னாதீங்க. முக்கியமா ஈரல் கெட்டவங்க. காய்ச்சல் வரும், காலெல்லாம் கொப்புளம் கிளம்பும், ரெண்டு மூணு நாள்ல ஆளே போயிடுவாங்க. கையில வெட்டு இருந்தா அதோட தண்ணியில இறங்காதீங்க."

"சார்" என்றாள் வாயாடி. "காய்ச்சல் சிப்பிக்குத்தானே? அதுக்கு ஒரு மாத்திரை போட்டு விடுங்க. எங்களை ஏன் பட்டினி போடறீங்க?"

கொட்டகை சிரித்து உருண்டது. ஆபீஸ்காரரும் சிரித்துவிட்டார், பாவம். சிரித்த பிறகு அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் போகும்போது தூணில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஈரக்காற்றில் அது சுருண்டு விழுந்தது.

ஆனால் வாயாடிக்கு ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. ஈரல் கெட்டவங்க. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவனுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி, டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தான். ஈரல் பாதி கல்லாகிவிட்டது, பாட்டிலைத் தொட்டால் அடுத்த தடவை இங்கே கூட்டி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் விட்டுவிட்டான். நிஜமாகவே விட்டுவிட்டான். ஊர் நம்புவதற்குத்தான் நாளாயிற்று. ஈரல் விஷயம் பெரியவனைத் தாண்டி வெளியே போகவில்லை. சீக்காளி என்று தெரிந்தால் கயிறு பிடிக்கக்கூட எவனும் கூப்பிடமாட்டான் என்பது அவன் பயம்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது அவள் பேச்செடுத்தாள்.

"ஏங்க, ஆபீஸ் சார் சொன்னது கேட்டீங்களா? சிப்பிக்குள்ள பூச்சி குடித்தனம் வந்திருக்காம்."

"வாடகை ஒழுங்காக் குடுக்குதா?"

"கிண்டல் கிடக்கட்டும். ஈரல் சரியில்லாதவங்க பச்சையாத் தொடவே கூடாதாம்."

"நான் எங்க தொட்டேன்? ரெண்டு வருஷமாச்சு. நீதான் வேகவெச்சுக்கூடக் கண்ணுல காட்டறதில்லையே."

"இனியும் தொட வேணாம்."

"சரி தாயே."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

மகள் பாடப்புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தாள். பதிமூன்று வயசுப் பெண். அப்பன் அம்மா சண்டையில் எந்தக் கட்சியிலும் சேராமல் சிரிக்கிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. சின்னவன் தட்டில் கொஞ்சம் சோற்றை மீதம் வைத்துவிட்டு எழுந்தான். அவனுக்கு எப்போதும் அவ்வளவுதான் இறங்கும்.

தண்ணீர் குளிரட்டும் என்று இனியும் காத்திருக்க யார் வீட்டிலும் தெம்பில்லை. லாரி வந்த நாள் காலையிலேயே புழுங்கியது. வியாபாரி கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். பெருநகரத்து ஓட்டல்களுக்குச் சரக்குப் போடுகிறவர். அங்கே சிப்பியை ஐஸ்மேல் பரப்பி, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே தின்பார்களாம். அவருக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஒரு வழக்கம். முதல் கூடையின் முதல் சிப்பியை வளர்த்தவன் உடைத்து எல்லார் முன்னாலும் பச்சையாகத் தின்ன வேண்டும். அடுத்ததை அவர் தின்பார். அதற்குப் பிறகுதான் கூடைகள் லாரியில் ஏறும். அதைவிடப் பெரிய முத்திரை எந்த ஆபீஸிலும் கிடையாது என்பது இரு தரப்பின் எண்ணம்.

பெரியவன் உடைத்தான், தலையை அண்ணாந்து ஒரே விழுங்கு. வியாபாரிக்கு அடுத்ததை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"நீ தின்னுட்டே, சரி. உன் தம்பி?"

"அவனுக்கு வாய்க்குப் பிடிக்கறதில்லீங்க."

"சிப்பி வளர்க்கறவனுக்குச் சிப்பி பிடிக்கலையா? நல்லாருக்கே கதை. போன தடவையும் தின்னலை, அதுக்கு முந்தியும் தின்னலை. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆபீஸ்காரன் வேற தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரியறான். வளர்த்தவனே வாயில வைக்காத சரக்கை நான் ஊரான் வாயில எப்படி வைப்பேன்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க..."

"அப்ப தின்னச் சொல்லு. ரெண்டு பேரு மிதவைதானே?"

படகுத்துறையில் அத்தனை வீட்டு ஆண்களும் தங்கள் தங்கள் கூடைகளோடு நின்றார்கள். ஒரு வீட்டுச் சரக்கைச் சந்தேகப்பட்டு லாரி திரும்பினால் எல்லார் கூடையும் திரும்பவேண்டியதுதான். அத்தனை கண்ணும் சின்னவன் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானேடா" என்றான் பெரியவன் தணிந்த குரலில். "தின்னுடு."

வாயாடி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பாதி திறந்த சிப்பி. எல்லாம் காதில் விழுந்தது. 'அவருக்கு ஈரல் சரியில்லை' என்று மூன்றே வார்த்தை. ஊரையே வாயால் கட்டி ஆண்டவளுக்கு மூன்று வார்த்தை ஒரு பொருட்டா? ஒண்ணே ஒண்ணு என்று அவளும் நினைத்தாள். நேற்றுவரை எத்தனை ஆயிரம் பேர் தின்றிருக்கிறார்கள், ஒன்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள்.

சின்னவன் தின்றான். மென்று, விழுங்கி, ஓட்டைத் தண்ணீரில் வீசினான். "இனிப்பா இருக்கு" என்றான். வியாபாரியும் ஒன்றை விழுங்கிவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினார். துறை முழுக்கப் பேச்சு கிளம்பியது. கூடைகள் ஏறின.

மறுநாள் சாயங்காலம் அவனுக்கு நடுக்கம் கண்டது. அந்தப் புழுக்கத்தில் போர்வை கேட்டான். இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. வாந்தி எடுத்தான். விடிந்தபோது, கால் வலிக்கிறது, யாரோ கெண்டைச் சதையைப் பிழிகிறார்கள் என்று பினாத்தினான். தொட்டால் கத்தினான். பார்த்தால் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

பெரியவன் வேன் பிடித்துக்கொண்டு வந்தான். மகளைப் பெரியவன் பெண்டாட்டியான ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வாயாடி ஏறினாள். புருஷன் தலை அவள் மடியில் கொதித்தது. கொஞ்ச தூரம் போனதும் பெரியவன் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினான்.

"யாரு எதைக் கேட்டாலும் நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

"மாமா, அந்தச் சிப்பி..."

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னுதான் சொல்றேன். நானும் தின்னேன், வியாபாரியும் தின்னாரு. எங்களுக்கு என்ன ஆச்சு? பக்கத்துக் கழி என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமலென்ன? பக்கத்து உப்பங்கழியில் எவனோ ஒருவன் சிப்பி தின்று சீக்காகி, ஆஸ்பத்திரியில் வாயை விட்டுவிட்டான். ஆபீஸ் வந்து கழியை மூடியது. தண்ணீர் சரியாகும்வரை என்றுதான் சொன்னார்கள். திறப்பதற்குள் மிதவையெல்லாம் இற்று, ஆட்களெல்லாம் திசைக்கொருவராகப் போய், திறந்தபோது தொழில் செய்ய ஆளில்லை. அங்கிருந்து வந்த இரண்டு பெண்கள் இவர்கள் கொட்டகையில்தான் சிப்பி உடைக்கிறார்கள். சொந்த மிதவை வைத்திருந்தவர்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் மனசில் ஓடியது இதுதான்: டாக்டருக்குத் தெரியாதா? படித்தவர்கள், பார்த்ததுமே கண்டுபிடித்துவிடமாட்டார்களா? நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

டாக்டர் ஒரு இளம்பெண். ராத்திரியெல்லாம் தூங்காத கண். சின்னவனின் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், காலைத் தொட்டதும் அவன் அலறியதைக் கவனித்தாள்.

"என்ன வேலை பார்க்கறாரு?"

"லோடு ஏத்தறது இறக்கறது" என்றான் பெரியவன்.

"ஆத்துலயோ கடல்லயோ இறங்கினாரா? எங்கயாவது வெட்டுக்காயம்?"

"இல்லீங்க."

"பச்சையா ஏதாவது? மீன், நண்டு, சிப்பி இந்த மாதிரி?"

"ஈரல் சரியில்லைன்னு சொன்னதுல இருந்து அதெல்லாம் விட்டுட்டான் டாக்டர். ரெண்டு வருஷமாத் தொடறதே இல்லை."

பொய் சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான உண்மை கிடையாது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயாடியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே சமைச்சுப் போடறது."

அவள் பெரியவன் முகத்தைப் பார்த்தாள். அதில் மிரட்டல் இருந்திருந்தால்கூட ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பாள். அங்கே இருந்தது வெறும் பயம். கெஞ்சுகிற பயம்.

"அவரு சொல்றதுதாங்க" என்றாள்.

டாக்டர் தலையாட்டிவிட்டு, பழைய ஈரல் கோளாறு முற்றிவிட்டது என்கிற மாதிரி என்னவோ நர்ஸிடம் சொன்னாள். பாட்டில் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஏதோ ஊசி போட்டார்கள். ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

வெளியே நீள நடை. சுவரோரம் இரும்பு பெஞ்சு. மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்று இல்லை. பெரியவன் காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்து கொடுத்தான். அவள் குடிக்கவில்லை, அவனும் குடிக்கவில்லை. டீமேல் ஆடை படிந்தது.

"ஊசி போட்டுட்டாங்கல்ல, சரியாயிடும்" என்றான்.

"ம்."

"போன தடவை இதைவிட மோசமா இருந்தான். வயிறு எப்படி இருந்துது, ஞாபகம் இருக்கா? அதுலயே எழுந்து வந்தவன்."

"ம்."

"என்னவாவது பேசேன்."

"நீங்கதானே மாமா பேசாதேன்னீங்க."

செல்போனில் மகள் கூப்பிட்டாள். அப்பா என்ன பண்றாரு என்று கேட்டாள். தூங்கறாரு என்று சொன்னாள் அம்மா. பெரியம்மா கேக்கச் சொன்னாங்க, டாக்டர் ஏதாவது கேட்டாங்களா என்றாள் மகள். ஒண்ணும் கேக்கலை, நீ சாப்பிடு என்றாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, நர்ஸ் துணி மாற்றக் கூப்பிட்டாள். பெரியவன் வெளியே ரொட்டி வாங்கப் போயிருந்தான். வாயாடி உள்ளே போய்ப் போர்வையை விலக்கினாள். கெண்டைக்காலில் தோல் ஊதாவாகியிருந்தது. அதன்மேல் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் உள்ளே கருத்த ரத்தம் கட்டி, தொட்டால் உடைகிற மாதிரி. காலையில் கீறல்கூட இல்லாத கால். கொட்டகையில் கழுத்து சிவந்து நின்ற அந்தப் பையன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவள் காதில் விழுந்தது. தானடித்த கிண்டலும் கொட்டகை சிரித்த சிரிப்பும் கூடவே விழுந்தன.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. வராந்தாக் கோடியில் வேறொரு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்த டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தின்னாருங்க. சிப்பி தின்னாரு. பச்சையா. ஒண்ணே ஒண்ணு. நாங்க சிப்பி வளர்க்கறவங்க. லோடு ஏத்தறதெல்லாம் பொய். என் கையைப் பாருங்க, இதெல்லாம் சிப்பி வெட்டு."

டாக்டர் அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"காலையில கேட்டேனேம்மா" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். அடுத்த நிமிஷம் ஓடினாள். நர்ஸுகள் ஓடினார்கள். மருந்து மாறியது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள், அவர் வந்து காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார், ஆனால் இருக்கிற ரத்த அழுத்தத்துக்கு ஆபரேஷன் தாங்காது என்றும் சொன்னார். பெரியவன் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே நடக்கிற ஓட்டத்தைப் பார்த்தான், தம்பி பெண்டாட்டியின் வெறுங்காலைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் விடியலில் சின்னவன் போய்விட்டான். கடைசியில் ஒரு வார்த்தை பேசினான், ஒருவரைக் கேட்டான் என்றெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு நினைவே திரும்பவில்லை.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வாயாடி போனாள்.

"நேத்துக் காலையிலேயே நான் சொல்லியிருந்தா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் குழாயை மூடினாள். "அதை என்கிட்ட கேக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, துடைக்காத கையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகாமல் இருக்குமா? அடக்கம் முடிந்து ஆட்கள் கலைவதற்குள் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. தண்ணீரைப் பாட்டிலில் எடுத்தார்கள், சிப்பியைப் பெட்டியில் எடுத்தார்கள். முடிவு வந்ததும் துறையில் பலகை நட்டுவிட்டார்கள். சரக்கு எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கூடைகளில் இருப்பதைக் கரையேற்றிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

வியாபாரி துக்கம் கேட்க வந்தார். ஊருக்கு நடுவில் நின்று மார்பைத் தட்டிக்கொண்டார். "நானும் அதே கூடையில தின்னேன். பெரியவனும் தின்னான். இதோ நிக்கறேன், குத்துக்கல்லாட்டம். குடிச்சு அழிச்ச ஈரலுக்குச் சிப்பி மேல பழி போட்டா, சிப்பி என்ன பண்ணும்?" அவர் சொன்னதை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள ஊருக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா?

அந்த ஆபீஸ்காரப் பையனும் ஒரு நாள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்மா நான்" என்றான்.

"சத்தமாத்தான் சொன்னீங்க" என்றாள் வாயாடி.

கொட்டகைப் பெண்கள் வேலை தேடி அதிகாலையிலேயே பஸ் ஏறிப் போனார்கள். அவள் எதிரே வந்தால் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு போனார்கள். முக்குக் கடையில் சாமான் கேட்டால் கொடுத்தான், சில்லறையைக் கையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தான். ஓரகத்தி மகளுக்கு மட்டும் வேளா வேளைக்குச் சோறு போட்டாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், 'அங்க வெச்சிட்டுப் போ' என்று சுவருக்குச் சொன்னாள். பெண்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூலையில் படுத்துக்கொண்டது. எந்தக் கட்சியில் சேருவதென்று அதற்கு இப்போது தெரியவில்லை.

வீட்டுக்குள் அவள் கணவனிடம் சண்டை பிடித்தாள். மனசுக்குள்தான். எதற்கு ஐயா தின்றாய், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாயே என்று கேட்டாள். அவன் இருந்திருந்தால் இதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். அதுவும் இல்லை.

மிதவை மட்டும் காத்திருக்கவில்லை. எடுக்காத கூடைகளில் சிப்பி வளர்ந்துகொண்டே இருந்தது. கனம் தாங்காமல் பீப்பாய்கள் பாதிக்கு மேல் முங்கிவிட்டன. ஒரு காற்று அடித்தால் கட்டைகள் பிய்ந்து போகும். ஊரில் எல்லாரும் தங்கள் தங்கள் மிதவையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவனோடு கயிறு பிடிக்க ஒருவரும் வரவில்லை. கயிறு இரண்டு ஆள் வேலை. ஒருவர் இழுக்க வேண்டும், இன்னொருவர் கூடையைத் தாங்கிப் பிடித்துக் கட்டைமேல் ஏற்ற வேண்டும். தம்பி நின்ற இடத்தில் இப்போது தம்பி பெண்டாட்டி நின்றாள்.

சாவு விழுந்த நாளிலிருந்து இருவரும் பேசியதில்லை. இப்போதும் வேலைக்கு வேண்டியது மட்டும்தான். இழு. விடு. பிடி. கூடை தண்ணீரை விட்டு மேலே வரும்போது நல்ல கடல் வாசனை வந்தது. ஒரு சிப்பி ஓடு விண்டு உள்ளே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, கொழுத்து, கண்ணைப் பறித்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல சரக்கு வந்ததே இல்லை. படகு நிறைய ஏற்றிக்கொண்டு போய்க் குழியில் கொட்டினார்கள், மறுபடி வந்தார்கள்.

நாலாவது நடையில் பெரியவன் வாயைத் திறந்தான்.

"சொல்றதா இருந்தா காலையிலேயே சொல்லியிருக்கணும். அவனாவது இருந்திருப்பான்."

அவள் கூடையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னா கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். கழியாவது இருந்திருக்கும். ரெண்டுங்கெட்ட நேரத்துல போய்ச் சொன்னியே. அவனும் இல்லாம, இதுவும் இல்லாம..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துண்டு முழுக்கச் சேறு, முகமெல்லாம் சேறானது.

"ஏதாவது சொல்லு. திட்டேன். ஊரையே திட்டுவியே, என்னைத் திட்டக் கூடாதா? தின்னச் சொன்னவன் நான். ஆஸ்பத்திரியில பொய் சொன்னவன் நான். உன்னைச் சொல்லவிடாமப் பண்ணினவனும் நான். இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? ஒரு வார்த்தை திட்டிடு. எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வரும்."

அவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் அப்புறம் எப்படி நடமாடுவது என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

"உங்களை எதுக்கு மாமா திட்டணும்?" என்றாள். "தின்னறதுக்கு முன்னாடி அவரு திரும்பி என்னைப் பார்த்தாரு."

பெரியவன் கை கயிற்றிலேயே நின்றது.

"அத்தனை பேரும் நிக்கறப்ப, கொட்டகைப் பக்கமாத் திரும்பி என்னைத்தான் பார்த்தாரு. என்ன பண்ணட்டும்னு கேக்கற மாதிரி. நான் வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். வேணாம்னு தலையை ஆட்டியிருந்தாப் போதும்."

"நீ என்ன பண்ணினே?"

"கையில இருந்த சிப்பியைப் பார்த்தேன்."

பெரியவன் மிதவைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கயிறு அவன் பிடியிலிருந்து நழுவியது, மேலே வந்த கூடை மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது. அவன் அழுதானா என்று அவள் பார்க்கவில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒற்றை ஆளுக்கு அது வராது என்று அவளுக்குத் தெரியும். காலைக் கட்டையில் உதைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள்.